நயாகராவின் ஆற்றோரப் பலகைப் பாதைக்கு முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

புதுச்சேரி லாஸ்பேட்டையைச் சேர்ந்த ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: "வரும் ஜூன் மாதம் அம்மாவை டொராண்டோவில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அழைத்துச் செல்கிறேன். அம்மாவுக்கு வயது 71. இரண்டு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. வீட்டுக்குள் தானாக நடப்பார், வெளியே வாக்கர் வேண்டும், படி ஏற முடியாது. நயாகராவில் அருவியைத் தவிர, ஆறு கொந்தளித்துப் பாயும் இடத்தை ஒட்டியே மரப்பலகைப் பாதை ஒன்று இருப்பதாகத் தம்பி சொல்கிறான். அம்மாவால் அங்கே போக முடியுமா? பயமில்லையா? அருவியைப் பார்த்தபின் அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கத்தான் வேண்டுமா?"

முடியும். தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன். பாசனப் பொறியாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆற்று மணலிலும் மதகடியிலும் கழித்தவன். என் மனைவிக்கு வலது முழங்கால் மாற்று அறுவை முடிந்த எட்டாவது மாதத்தில் அவரை அதே பாதைக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். அந்தப் பயணத்தில் பார்த்தவற்றுள் இன்றும் அவர் எடுத்துப் பேசுவது அருவியை அல்ல, அந்தப் பலகைப் பாதையைத்தான் என்பதால், உங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்கும் இடத்தின் பெயர் 'வைட் வாட்டர் வாக்'. ஆன்டாரியோ மாநிலத்தில், கனடாப் பக்கத்துக் கரையில், பெரிய அருவிக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, அதாவது ஆற்றின் ஓட்டத்தோடு கீழே போனால், ரிவர் ரோடு என்ற சாலையை ஒட்டி இருக்கிறது. அருவியைச் சுற்றியுள்ள பூங்காக்களை 1885 முதல் கவனித்துவரும் நயாகரா பார்க்ஸ் என்ற அரசு அமைப்பே இதையும் நடத்துகிறது. சாலை மட்டத்தில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினால் அது ஏறத்தாழ 70 மீட்டர் கீழே, பள்ளத்தாக்கின் அடிக்குக் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து பாறைக்குள் 73 மீட்டர் நீளமுள்ள ஒரு சுரங்க வழி. அதைத் தாண்டியதும் கண்ணெதிரே ஆறு. அதன் ஓரமாகவே ஏறத்தாழ 300 மீட்டருக்குப் பலகைப் பாதை நீள்கிறது. போய்த் திரும்பும் தூரத்தையும் சுரங்க வழியையும் சேர்த்துக் கணக்கிட்டால் முக்கால் கிலோமீட்டர் வரும். நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஒருமுறை நடப்பதைவிட இது குறைவு என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அவருக்கு அதுவே போதுமான விளக்கமாக இருக்கும்.

படி ஏற முடியாதவர்களுக்கு இந்த இடம் ஏற்றதாக இருப்பதற்குக் காரணம் ஒன்றுதான். ஆற்றங்கரைக்கு இறங்குவது எங்கேயும் செங்குத்தான வேலை; அந்த இறக்கம் முழுவதையும் லிஃப்டே ஏற்றுக்கொண்டுவிடுகிறது, அதன் பிறகு கால்களுக்கு மிஞ்சுவது நடை மட்டுமே. ஒகேனக்கல்லில் பாறைகளின் மேல் ஏறி இறங்கியதையும், பிச்சாவரத்தில் ஆடும் படகுக்குள் காலை எடுத்து வைப்பதற்குள் வயதானவர்கள் படும் பாட்டையும் பார்த்தவர்களுக்கு, இந்த ஒரு ஏற்பாடு எவ்வளவு பெரிய உதவி என்பது விளங்கும். லிஃப்டும் சுரங்க வழியும் பலகைப் பாதையும் சக்கர நாற்காலி செல்லும்படியே அமைக்கப்பட்டுள்ளன.

ஒரே ஒரு விதிவிலக்கை இப்போதே சொல்லிவிடுகிறேன். பாதையிலிருந்து இன்னும் கீழே இறங்கித் தண்ணீரின் விளிம்பில் நிற்பதற்கென்று இரண்டு பார்வை மேடைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் படிகளில்தான் போக வேண்டும். உங்கள் அம்மா அங்கே இறங்க வேண்டாம். "கொஞ்சம் முயற்சி செய்து பாரம்மா" என்று யாரும் அவரை வற்புறுத்தவும் வேண்டாம். இறங்கும்போது தெரியாத வலி ஏறும்போது தெரியும். மேலே பாதையில் நின்றாலே ஆறு முழுவதும் கண்ணில் அடங்கும். நீங்களும் தம்பியும் மாறி மாறிக் கீழே போய் வாருங்கள், ஒருவர் எப்போதும் அம்மாவுடன் இருக்கட்டும். என் மனைவி பாதையிலேயே ஓரிடத்தில் நின்றுகொண்டு, கீழே போய்வந்த பேரப்பிள்ளைகளிடம் தான் பார்த்ததை விவரித்தார். அவர்கள் பார்த்ததைவிட அவர் பார்த்தது அதிகம், ஏனென்றால் அவர் இருபது நிமிடம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பலகைப் பாதையில் நடப்பது சிமென்ட் தரையில் நடப்பதைப் போன்றது அல்ல. நான்கு கால் வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து நடப்பவர்களுக்குப் பலகை இடுக்கில் கால் சிக்குமோ என்ற அச்சம் வரும். முன்பக்கம் சக்கரம் வைத்த வாக்கராக இருந்தால் ஒவ்வொரு பலகை இணைப்பிலும் 'டுக் டுக்' என்று ஒரு சிறு அதிர்வு கைக்கு வரும். முதல் பத்து அடிக்கு அது தயக்கத்தைத் தரும், பிறகு பழகிவிடும். ஈரமான மரம் வழுக்கும் என்பதால் அடியில் ரப்பர் பிடிமானம் உள்ள காலணிதான் தேவை. சேலை கட்டுபவராக இருந்தால் கொசுவத்தைச் சற்று உயர்த்திக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்; பள்ளத்தாக்கில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் என்று சொல்ல முடியாது. மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றும் இருக்கட்டும். மேலே வெயில் அடித்தாலும் கீழே தண்ணீரையொட்டிக் குளிர்ச்சியாக இருக்கும்.

அம்மா அங்கே எதைப் பார்க்கப் போகிறார் என்பதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லி அழைத்துப் போனால், காட்சி இன்னும் நன்றாக மனத்தில் பதியும். ஆகவே ஆற்றைப் பற்றிக் கொஞ்சம்.

2024 டிசம்பர் 2 அன்று அதிகாலையில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதும், அதன் பிறகு கடலூரும் புதுச்சேரியின் பாகூர்ப் பகுதியும் பட்ட துயரமும் நமக்கு மறக்காது. அந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நயாகரா ஆற்றில் சுற்றுலாப் பருவத்தின் பகல் நேரங்களில் அருவிமேல் விநாடிக்குக் குறைந்தது 1,00,000 கன அடி நீர் விழ வேண்டும் என்பது கனடாவும் அமெரிக்காவும் 1950-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விதி. நமக்கு ஊரையே மூழ்கடித்த பெருவெள்ளத்தில் பாதிக்கு மேற்பட்ட அளவு அங்கே ஒவ்வொரு கோடை நாளிலும் அமைதியான வழக்கமாக ஓடுகிறது. இன்னொரு வேறுபாடும் உண்டு. தென்பெண்ணை நம் பக்கம் வரும்போது அகன்ற மணற்படுகையில் பரந்து விரிந்து வருகிறது. கரை உடைந்தால் வயல்களிலும் தெருக்களிலும் பரவுகிறது. நயாகராவுக்குப் பரவ இடமே இல்லை. இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள் நிற்க, அவ்வளவு நீரும் ஒரு குறுகிய இடுக்கு வழியாகவே போயாக வேண்டும். நம்மூர் வாய்க்காலில் அகலம் குறையும் இடத்தில், மதகுக்குக் கீழே, தண்ணீர் வேகமெடுத்துக் குமுறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே விதிதான் இங்கே மலையளவில் நடக்கிறது. இவ்விடத்தில் நீரின் வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர் வரை எட்டுகிறது. நகரச் சாலையில் ஓடும் ஒரு பேருந்தின் வேகம் அது.

அந்த இடுக்கு எப்படி உண்டானது என்பது, நீர் வேலையில் இருந்த எனக்கு, அருவியைவிட வியப்பூட்டிய செய்தி. ஈரி ஏரிக்கும் ஆன்டாரியோ ஏரிக்கும் இடையே நயாகராவின் நீளம் 58 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தக் குறுகிய தொலைவுக்குள் அது 99 மீட்டர் இறங்கிவிடுகிறது. ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் அருவி இப்போதுள்ள இடத்தில் இல்லை, 11 கிலோமீட்டர் வடக்கே இருந்தது. விழும் நீர் அடியிலுள்ள மென்பாறையை அரிக்க, மேலே நிற்கும் கடினமான பாறை ஆதாரமிழந்து உடைந்து விழ, அருவி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கித் தனக்குப் பின்னால் இந்தப் பள்ளத்தாக்கை விட்டுச் சென்றது. இதில் ஒரு காலகட்டத்தில், வடக்கேயுள்ள பெரிய ஏரிகளின் நீர் வேறொரு வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்ததால், நயாகராவுக்குச் சிறு பங்கு நீரே வந்தது. குறைந்த நீர் குறுகலான பள்ளத்தைத்தான் வெட்டும். பின்னர் எல்லா ஏரிகளின் நீரும் திரும்ப இந்த வழிக்கே வந்துவிட்டது. சிறிய ஓடைக்கென்று வெட்டப்பட்ட பாதையில் பேராறு ஒன்று நுழைந்துகொண்டிருக்கிறது. பலகைப் பாதையில் நின்று நீங்கள் பார்க்கும் கொந்தளிப்பு முழுவதும் அந்தப் பழைய பொருத்தமின்மையால் வந்தது.

இப்போது அம்மாவிடம் காட்ட வேண்டிய ஒன்று. கைப்பிடியருகே நின்றதும் ஆற்றின் நடுவில் எழும்பி நிற்கும் ஓர் அலையைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கடலூர் வெள்ளிக் கடற்கரையில் நாம் பார்க்கும் அலை தூரத்தில் எழுந்து கரையை நோக்கி வரும்; ஆனால் அதற்குள் இருக்கும் நீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது. கரைக்கு வெளியே மிதக்கும் தேங்காய் மட்டை ஒவ்வோர் அலைக்கும் எழுந்து தாழ்ந்து அங்கேயே கிடப்பதைப் பார்த்தால் இது தெரியும். நயாகராவில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே நீர் பாய்ந்து போய்க்கொண்டே இருக்கும், அலை நின்ற இடத்திலேயே நிற்கும். அடியில் கிடக்கும் பாறைகளில் மோதி மேலெழும் நீர் ஒரு மேட்டை உண்டாக்குகிறது. அந்த மேட்டுக்குள் நீர் நுழைந்து வெளியேறிக்கொண்டே இருந்தாலும் மேடு இடம் மாறுவதில்லை. அதன் முதுகு பச்சைக் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும், உச்சியில் நுரை பின்னோக்கிச் சரிந்து விழுந்துகொண்டே இருக்கும். சில நேரம் அது திடீரென்று உடைந்து மறைந்து, நீங்கள் கண்ணெடுப்பதற்குள் அதே இடத்தில் மீண்டும் எழும். கனடாக் கரையில் ஆற்றைப் பார்த்து நிற்கும் உங்களுக்கு நீர் வலப்பக்கமிருந்து இடப்பக்கம் ஓடும். ஒரு மரக்கிளையோ கட்டையோ மிதந்து வந்தால், அதைப் பின்தொடர்ந்து பார்த்தால், வேகம் எவ்வளவு என்பது அப்போதுதான் உறைக்கும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லிவைக்க வேண்டும். அங்கே பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கும். காதுக்கருவி அணிபவராக இருந்தால் அதன் ஒலியைக் குறைத்துக்கொள்வது நல்லது. கைப்பிடியில் கை வைத்தால் ஈரம் படும்.

பயமில்லையா என்று கேட்டிருந்தீர்கள். இந்த நீரோட்டம் சர்வதேச வகைப்பாட்டில் ஆறாம் நிலையைச் சேர்ந்தது. ஒன்று முதல் ஆறு வரையுள்ள அந்த வரிசையில் ஆறுதான் உச்சம், படகு செலுத்தக் கூடாத இடம் என்பது அதன் பொருள். ஆங்கிலக் கால்வாயை 1875-இல் முதன்முதலாக நீந்திக் கடந்த கேப்டன் மேத்யூ வெப் என்ற புகழ்பெற்ற நீச்சல் வீரர், 1883 ஜூலை 24 அன்று இந்த ஓட்டத்தை நீந்திக் கடக்க முயன்று உயிரிழந்தார். ஆகவே ஆறு ஆபத்தானதுதான், பாதை அப்படிப்பட்டதல்ல. கைப்பிடித் தடுப்புக்கு இப்பால் நிற்கும்வரை உங்கள் அம்மாவுக்கு அங்கே வரக்கூடிய தொல்லை, நம் கடற்கரைச் சாலையில் வரக்கூடியதைவிட அதிகமில்லை. குழந்தைகள் உடன் வந்தால் மட்டும் ஒரு கை எப்போதும் அவர்கள் மேல் இருக்கட்டும். தடுப்பின் மேல் ஏறி நின்று படமெடுக்கும் ஆசை பெரியவர்களுக்கும் வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

எந்த நேரத்தில் போவது? நான் மேலே சொன்ன ஒப்பந்தத்தின்படி, ஏப்ரல் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை காலை 8 மணி முதல் இரவு 10 மணி வரை முழு அளவு நீர் விடப்படுகிறது. இரவில் அதில் பாதியை விட்டால் போதும், மிச்சம் மின்னுற்பத்திக்குத் திருப்பப்படுகிறது. அப்படித் திருப்பப்பட்ட நீர் இந்தப் பலகைப் பாதையையும் தாண்டிக் கீழே குவீன்ஸ்டனிலும் எதிர்க்கரையில் லூயிஸ்டனிலும்தான் ஆற்றில் மீண்டும் சேர்கிறது. எனவே அருவியில் நீர் குறைந்தால் இங்கும் குறையும். ஜூன் மாதப் பகலில் போகும் உங்களுக்கு அந்த முழு அளவும் கிடைக்கும். காலையில் திறந்தவுடன் போய்விட்டால் கூட்டம் குறைவாக இருக்கும், லிஃப்டுக்காக அம்மா நிற்க வேண்டியிருக்காது. குளிர்காலத்தில் இந்தப் பாதையை மூடிவிடுவார்கள். வேறு மாதங்களில் போகிற நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும், அது உங்களுக்கு உதவும். நாங்கள் முதலில் அருவிக்குப் போனோம். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து அருவிக்கு நடந்து, அங்கே நின்று, சாப்பிட இடம் தேடி மீண்டும் நடந்து, பிற்பகலில் பலகைப் பாதைக்கு வந்து சேர்ந்தபோது என் மனைவியின் முழங்கால் வீங்கியிருந்தது. பாதையில் பாதித் தூரத்திலேயே நின்றுவிட்டார். நான் அழுத்தமாகச் சொல்வது இதுதான்: அங்கே களைப்பைத் தருவது இந்த முக்கால் கிலோமீட்டர் அல்ல, அதற்கு முன்னும் பின்னும் கணக்கில் வராமல் நடக்கும் நடை. மறுநாள் நாங்கள் வரிசையை மாற்றினோம். தம்பி மகனிடம் சொல்லிக் காரை நுழைவாயிலிலேயே நிறுத்தி அவரை இறக்கிவிடச் செய்து, காலையில் முதல் வேலையாகப் பலகைப் பாதைக்குப் போனோம். அன்று அவர் கடைசி வரை நடந்து திரும்பினார். அருவியை மாலையில், உட்கார இடம் பார்த்துக்கொண்டு, நிதானமாகப் பார்த்தோம்.

டொராண்டோவிலிருந்து நயாகராவுக்குச் சாலை வழி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே நாளில் போய் வரலாம் என்றாலும், முழங்கால் அறுவை ஆனவர் மூன்று நான்கு மணி நேரம் காரில் மடக்கிய காலோடு உட்கார்ந்திருப்பது நல்லதல்ல. வழியில் ஒருமுறை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்கவிடுங்கள், முடிந்தால் ஓர் இரவு அங்கேயே தங்குங்கள். ஊருக்குள் இடத்துக்கு இடம் போக 'வீகோ' என்ற பேருந்துகள் ஓடுகின்றன. அவற்றில் சக்கர நாற்காலியோடு ஏற வசதி உண்டு. கழிப்பறைக்குப் போவதை லிஃப்டில் இறங்குமுன் மேலேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாக்கரோடு சேர்த்து மடக்கும் சக்கர நாற்காலி ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அம்மா வேண்டாம் என்பார். நம் ஊர்ப் பெண்கள் சக்கர நாற்காலியில் உட்காருவதைத் தோல்வியாக நினைத்துவிடுகிறார்கள். போகும்போது நடந்து போகட்டும், நாற்காலியை நீங்கள் வெறுமனே தள்ளிக்கொண்டு போங்கள். களைத்தால் அதில் அமர்ந்து ஆற்றைப் பார்க்கலாம், திரும்பும்போது தேவைப்பட்டால் அதிலேயே வரலாம். என் மனைவி அப்படித்தான் ஒப்புக்கொண்டார்.

புறப்படுவதற்கு முன் இங்கேயே ஒரு மாதம் பழக்குங்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் காலை 7.30 வரை வண்டிகள் விடுவதில்லை என்பதால் வாக்கரோடு நடக்க அதைவிட நல்ல இடம் உங்களுக்குக் கிடையாது. முதல் வாரம் 200 மீட்டரில் தொடங்கி, மூன்றாம் வாரத்தில் 800 மீட்டருக்குக் கொண்டுவந்துவிடலாம். நடுவே இரண்டு முறை உட்கார்ந்து எழட்டும். அறுவை செய்த மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, அவர் சரி என்றபின் தொடங்குங்கள்.

பலகைமேல் நடந்து பழகவும் ஓர் இடம் இருக்கிறது. சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்வதற்காக 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது. திறந்த அன்று தொலைக்காட்சியில், வாழ்நாளில் முதன்முறையாகக் கடல் நீரைத் தொட்டவர்களின் முகங்களைப் பார்த்தபோது என் கண்கள் கலங்கின. நயாகராவின் பாதையும் மெரினாவின் பாதையும் நீளத்தில் ஏறக்குறைய சமம் என்பதால், விமானம் ஏறச் சென்னைக்குப் போகும்போது ஒருநாள் முன்னதாகவே போய் அம்மாவை அங்கே நடக்கவைத்துப் பாருங்கள். வாக்கர் சக்கரம் பலகையில் எப்படி ஓடுகிறது என்பது அவர் கைக்கே தெரிந்துவிடும்.

கடைசியாக, பலகைப் பாதையிலிருந்து மேலே வந்தபின் நேரம் இருந்தால், காரில் இன்னும் சற்று வடக்கே போய்ச் சாலையோரப் பார்வையிடம் ஒன்றில் நிறுத்துங்கள். பள்ளத்தாக்கு அங்கே சட்டென்று திரும்புகிறது, திருப்பத்தில் ஆறு ஒரு பெரிய வட்டச் சுழலாக மாறுகிறது. பகலில் முழு நீர் வரும்போது அந்தச் சுழல் இடஞ்சுழியாகவும், இரவில் நீர் குறைந்ததும் வலஞ்சுழியாகவும் சுற்றும். அங்கே காரிலிருந்து சில அடி நடந்தாலே போதும். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, அம்மாவை அதிலேயே உட்காரவைத்து, சற்றுமுன் தன் காலருகே குமுறிய அதே நீர் கீழே எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.